ரெண்டாம் நம்பர் பூட்டுக்கம்பி

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. பையைக் கீழ வச்சுடுங்களேன், தோள்ல போட்டுக்கிட்டே இருக்கீங்க, கனமா இருக்கும் போல. ஜீப்புல யாரு, டிரைவரா? வெயில்ல உக்காந்திருக்காரே. உள்ள வந்து ஒரு வாய் காபி குடிக்கட்டுமே. வேண்டாம்னுட்டாரா? சரி, அவர் இஷ்டம்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். போன வாரம் ஒரு பேப்பர் கொடுத்து அனுப்பினீங்க. பழைய லோக்கோ ஷெட்டை மியூசியம் ஆக்கறோம், வாசல்ல போர்டு வைக்கப் போறோம், அதுல எழுதற வரலாறு சரியான்னு பார்த்துக் கையெழுத்துப் போடுங்க, அன்னிக்கு வேலை பார்த்தவங்கள்ல நீங்களும் இன்னொருத்தரும்தான் பாக்கின்னு. பேப்பர் அந்த சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு. ஒரு வாரமா இருக்கு. நான் கையெழுத்துப் போடல. கண்ணாடி கிடைக்கலைன்னு மருமககிட்ட சொல்லியிருக்கேன். அலமாரியிலதான் இருக்கு.

பயமா இருக்கும்மா. ஒளிக்காம சொல்லிடறேன். நீங்க டர்ன்டேபிள் குழியைத் தோண்ட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எனக்குப் பயம். பால் வாங்க ஷெட்டு வழியாத்தான் போவேன். இப்ப கோயில் தெருவைச் சுத்திக்கிட்டுப் போறேன். கொஞ்சம் மெதுவாப் பேசறேன், மருமக அடுப்படியில இருக்கா.

உங்ககிட்ட ஒரே ஒரு விண்ணப்பம். தோண்டினது போதும், நடுவுல இருக்கற தொட்டியை மட்டும் விட்டுடுங்க. அதுல பாம்பு இருக்கு. சிரிக்காதீங்க. சரி, பாம்பு இல்ல.

வரலாறுன்னு எழுதியிருக்கீங்களே, அதுல முதல் பாதி நல்லாத்தான் இருக்கு. கம்பெனி காலத்துல கட்டினது, நூத்தி நாப்பது வருஷம், பன்னெண்டு கொட்டடி, விசிறி மாதிரி விரிச்சுக் கட்டினது, எல்லாம் சரி. ஆனா டர்ன்டேபிள் எப்படி வேலை செஞ்சுதுன்னு நீங்க எழுதினதை ஒருத்தன் படிச்சா ஒண்ணும் விளங்காது. நான் சொல்றேன். பெரிய வட்டக் குழி. குழி நடுவுல ஒரு தூண். தூண் மேல ஒரு இரும்புப் பாலம், பாலத்து மேல தண்டவாளம். எஞ்சின் வந்து பாலத்துல ஏறி நிக்கும். பாலத்தைத் திருப்பினா எஞ்சினும் திரும்பும். மூஞ்சி எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம் திருப்பி அனுப்பலாம், எந்தக் கொட்டடிக்குள்ள வேணுமோ அதுக்குள்ள விடலாம். மோட்டார் கீட்டார் எதுவும் கிடையாது. மனுஷக் கைதான்.

நம்ப மாட்டீங்க. அறுபது எழுபது டன் எஞ்சினை ரெண்டு ஆள் தள்ளுவோம். எடை சரியா நடுத்தூண் மேல விழணும், அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு சாண் முன்ன நின்னுட்டா பத்து ஆள் தள்ளினாலும் அசையாது. சரியா நின்னுடுச்சுன்னா உள்ளங்கையை வச்சா போதும், நகரும். வெள்ளைக்காரன் சின்ன எஞ்சினுக்குக் கட்டின பாலம். பின்னால பெரிய எஞ்சின் வந்தப்ப ரெண்டு பக்கமும் ஒரு சாண் இடந்தான் மிச்சம். ஆனாலும் திருப்பினோம்.

நாங்க மூணு பேர். சவரிமுத்து, குப்பாண்டி, நான். சவரியும் நானும் ஒரே நாள்ல கலாசியா, ஷெட்டுல எடுபிடி வேலைக்கு, சேர்ந்தவங்க. குப்பாண்டி எங்களுக்கு மூத்தவர், நல்ல ஆகிருதி. நானும் குப்பாண்டியும் தள்ளறவங்க. சவரி பூட்டறவன். பூட்டறதுன்னா, எஞ்சின் ஏறும்போதும் இறங்கும்போதும் பாலம் அசையக் கூடாது இல்லையா, அதுக்குப் பாலத்து முனையில ஒரு கம்பி. முழங்கை நீளம், மணிக்கட்டு தடிமன். அதைத் தள்ளினா எதிர்ச் சுவத்துல இருக்கற ஓட்டைக்குள்ள போய் உக்காரும். அதான் பூட்டுக்கம்பி. அது உக்காரலைன்னா எல்லாம் போச்சு.

அதனால ஒரு முறை இருந்துச்சு. சவரி கம்பியைத் தள்ளிட்டு, "பூட்டியாச்சு"ன்னு கத்துவான். நான் குழிக்குள்ள இறங்கி, குனிஞ்சு, கம்பி ஓட்டைக்குள்ள போயிருக்கான்னு கண்ணால பார்த்துட்டு, "பார்த்தாச்சு"ன்னு கத்துவேன். அதுக்கப்புறந்தான் சவரி பச்சைக் கொடி காட்டணும். அதுக்கப்புறந்தான் டிரைவர் எஞ்சினை நகர்த்தணும். ஒரு நாளைக்கு இருபது தடவை. வருஷக்கணக்கா. இந்த ரெண்டு வார்த்தையைத்தான் நானும் சவரியும் ஜாஸ்தி பேசியிருப்போம்.

இப்ப நீங்க எழுதின ரெண்டாவது பாதிக்கு வரேன். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் ஆயுத பூஜையன்று, பூட்டும் பணியாளர் சவரிமுத்துவின் கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்தில் ஒருவர் உயிரிழந்தார்." மனப்பாடம் ஆயிடுச்சு பார்த்தீங்களா. ஃபைல்ல இருக்கறதைத்தான் எழுதியிருக்கீங்க, உங்க மேல தப்பில்ல. ஃபைல்ல இருக்கறது தப்பில்ல. நான் என்ன சொல்ல வந்தேன்னா, அதை எதுக்குப் போர்டுல போடணும்? ஒரு விபத்து நடந்ததுன்னு போட்டா போதாதா. பேர் எதுக்கு? பொழைச்சுக் கிடக்கற மனுஷன். பேரன் பேத்தியெல்லாம் வந்து படிப்பாங்க.

ஆயுத பூஜைன்னா எங்க ஷெட்டுல எப்படி இருக்கும் தெரியுமா. ஊரே உள்ள வரும். எஞ்சினுக்கெல்லாம் வாழைக்கன்னு, மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஸ்பானர், சம்மட்டி, எண்ணெய்க் குப்பின்னு அத்தனையையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வச்சு அடுக்கி, கற்பூரம் காட்டிடுவோம். காட்டினப்புறம் மறுநாள் காலை வரைக்கும் ஒருத்தன் ஒண்ணைத் தொடக் கூடாது. ஆனா வண்டி ஓடணுமே. அதுக்குன்னு ஒரு செட்டு சாமானைத் தனியா வச்சிருப்போம். பூட்டுக்கம்பியும் அப்படித்தான், ரெண்டு உண்டு. ஒண்ணாம் நம்பர் வேலைக்கு. ரெண்டாம் நம்பர் ஸ்டோர்ல கிடக்கும், அதைக் கொண்டு வந்து பூஜையில வைப்பாங்க. தலையில நம்பர் வெட்டியிருக்கும்.

அந்த வருஷம் அடுக்கற பொறுப்பு எனக்கு. நானாக் கேட்டு வாங்கிக்கிட்டேன். புதுசா ஃபோர்மேன் வந்திருந்தார், சம்சாரத்தோட பூஜைக்கு வரேன்னுட்டார். ஸ்டோர்லேர்ந்து ரெண்டாம் நம்பரை எடுத்துப் பார்த்தா துருவேறிக் கிடக்கு. எண்ணெய் போட்டுத் தேய்ச்சேன், போகல. ஒண்ணாம் நம்பரைப் பாருங்க, தினம் கை பட்டுப் பட்டு வெள்ளி மாதிரி இருக்கும். துருவைக் கொண்டு போய் சாமி முன்னால வைக்கலாமாம்மா? நீங்களே சொல்லுங்க. நல்லதைத்தானே சாமிக்கு வைக்கணும். அதனால ஒண்ணாம் நம்பரைக் கழட்டிப் பூஜையில வச்சேன். ரெண்டாம் நம்பரைப் பாலத்துல மாட்டினேன். துரு தெரியாம இருக்கத் தலை முழுக்கச் சந்தனம் அப்பி, குங்குமம் வச்சு, பூவும் சுத்தி விட்டேன். நம்பரும் மறைஞ்சு போச்சு. அதுக்காக மறைக்கல.

ரெண்டாம் நம்பர் ஏன் ஸ்டோர்ல கிடந்துச்சுன்னு கேக்கறீங்களா? அது ஒரு தடவை முனை ஒடிஞ்சுது. கொல்லன் காய்ச்சி அடிச்சுக் கொடுத்தான். அதுல ரெண்டு விரக்கடை குட்டையாப் போச்சு. எனக்கு அது தெரியாது. தெரியும், ஆனா அவ்வளவு குட்டைன்னு தெரியாது. மாட்டினப்ப லேசா ஒரு சந்தேகம் வந்துச்சு. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் பாசஞ்சர் எஞ்சின் திரும்பணும், அதுக்குள்ள மாத்திடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கற்பூரம் காட்டிட்டாங்க. காட்டினப்புறம் எப்படித் தொடறது? சாமி குத்தம் ஆயிடாதா? மத்தவங்க என்ன சொல்லுவாங்க?

சவரிகிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான். அவன் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். எங்க பூஜையில தள்ளி நின்னு பொரி வாங்கிக்குவான், எதையும் தொட மாட்டான். பூ வச்ச கம்பியைப் பார்த்துட்டு, "நல்லா ஜோடிச்சிருக்கடா ரங்கா"ன்னான். அதான் எனக்குத் தாங்கல. அவன் அந்தப் பூவைக் கூடக் கலைக்காம பதனமா தள்ளினான். குறுக்கக் கை வச்சுத் துடைச்சிருந்தா நம்பரைப் பார்த்திருப்பான்.

நாலு மணிக்கு எஞ்சின் வந்துச்சு. நான் சுண்டல் தட்டோட ஃபோர்மேன் சம்சாரத்துக்கிட்ட நிக்கறேன், குழிக்கு முப்பதடி தள்ளி. மேளம் வாசிக்கறாங்க. சவரி கத்தினான், "பூட்டியாச்சு." எத்தனை வருஷப் பழக்கம். வாய் தானாப் பதில் சொல்லிடும். எனக்கே தெரியாம, தட்டைக் கையில வச்சுக்கிட்டே, "பார்த்தாச்சு"ன்னேன்.

எஞ்சின் முன் சக்கரம் பாலத்துல ஏறினதும் பாலம் ஒரு குலுக்கு குலுக்கிச்சு. கம்பி ஓட்டையிலேர்ந்து நழுவிடுச்சு. பாலம் ஒரு பக்கம், எஞ்சின் பாதி அந்தரத்துல. பாலத்தைத் தள்ற கழி சுத்திக்கிட்டு வந்து, அதைப் பிடிக்கத் தயாரா நின்ன குப்பாண்டியைக் குழிச் சுவத்தோட வச்சு... அதுக்கு மேல வேண்டாம்மா. சட்டைப் பாக்கெட்டுல பொரி வச்சிருந்தார். அது குழி பூரா இறைஞ்சு கிடந்துச்சு. நான் பொரி தின்னு அம்பத்தி நாலு வருஷம் ஆச்சு.

தண்ணி எடுக்கறேன், இருங்க. இல்ல, நீங்க உக்காருங்க.

எல்லாரும் குப்பாண்டியைத் தூக்கறாங்க. ஃபோர்மேன் சம்சாரம் மயக்கமா விழுந்துட்டாங்க. நான் மட்டும் தனியா நிக்கறேன். யாராவது குனிஞ்சு பார்த்தா ரெண்டாம் நம்பரைப் பார்த்துடுவாங்க. எனக்கு அப்ப இருபத்தாறு வயசு, கல்யாணமாகி ஆறு மாசம். பூஜைக்கு ஓடினேன். ஒண்ணாம் நம்பரை எடுத்தேன், சந்தனத்தைத் துண்டால துடைச்சேன். அப்ப சாமி குத்தம்னெல்லாம் தோணல. குழிக்குள்ள இறங்கினேன். ரெண்டாம் நம்பரை உருவினேன், சுலபமா வந்துடுச்சு. தூண் காலடியில தண்ணி வடியற தொட்டி இருக்கு பாருங்க, அதுல போட்டேன். ஒண்ணாம் நம்பரைப் பூட்டு இருக்கற இடத்துக்கு நேர் கீழ தரையில வச்சுட்டு மேல ஏறிட்டேன். யாரும் பார்க்கல, பூஜையில ஒரு கம்பி குறையுதுன்னும் அப்புறம் யாரும் தேடல.

மூணு ஆபீசர் வந்து விசாரணை. பூட்டுக்கம்பி எங்க இருந்துச்சுன்னு கேட்டாங்க. கீழ கிடந்துச்சுன்னேன். பொய்யாம்மா அது? கிடந்துச்சே. கம்பி கீழ கிடந்தா பூட்டவே இல்லைன்னுதானே அர்த்தம், பூட்டாமலே பூட்டியாச்சுன்னு கத்தியிருக்கான்னு அவங்களா எழுதிக்கிட்டாங்க. நான் எழுதச் சொல்லல. நீ பதில் சொன்னியான்னு கேட்டாங்க. மேளச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் காதுல விழலைங்கன்னேன். சவரி எதிர்ல நிக்கறான். என்னையே பார்க்கறான். கோபமா கூட இல்ல. "ரங்கா, நீ பார்த்தாச்சுன்னு சொன்னியேடா." அவ்வளவுதான் கேட்டான். நான் தலையைத் தூக்கல.

அவனை டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க. பென்ஷன் கின்ஷன் எதுவும் இல்ல. குப்பாண்டி சம்சாரம் அவன் வீட்டு வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்தினாங்க. அப்புறம் பஸ் ஸ்டாண்டுல சைக்கிள் கடை வச்சான். எனக்கு டயர் பஞ்சர் ஆனா நான் உருட்டிக்கிட்டே அடுத்த ஊருக்குப் போயிடுவேன். மூணு மைல். வெயில்னாலும் உருட்டுவேன். அவன் பொழைப்பைக் கெடுக்கணும்னு இல்ல, அவன் முன்னால போய்க் குத்த வச்சு உக்கார முடியாது, அதான்.

பூட்டற வேலையை எனக்குக் கொடுத்தாங்க. வேண்டாம்னா சந்தேகம் வராதா? வாங்கிக்கிட்டேன். பதினஞ்சு வருஷம் பூட்டினேன். கேட்டுப் பாருங்க யாரை வேணா, என்னைப் போல ஒழுங்காப் பூட்டினவன் கிடையாது. ஒவ்வொரு தடவையும் நானே குழியில இறங்கி மூணு தரம் குனிஞ்சு பார்ப்பேன். பொன்னுரங்கம் பூட்டினா கண்ணை மூடிக்கிட்டு எஞ்சினை விடலாம்னு டிரைவர்ங்க சொல்லுவாங்க. அதைப் போர்டுல போட வேண்டாம்.

டீசல் வந்து நீராவியை நிறுத்தினப்ப ஷெட்டே அழுதுச்சு. கடைசி எஞ்சினுக்கு மாலை போட்டாங்க, பெரிய பெரிய ஆளெல்லாம் விம்மினாங்க. எனக்குச் சந்தோஷம். டர்ன்டேபிள் குழியைக் கரிச்சாம்பல் போட்டு மூடினாங்க பாருங்க, லாரி லாரியா கொட்டினாங்க, நான் லீவு போட்டுட்டுப் போய் நின்னு பார்த்தேன். தொட்டி மூடற வரைக்கும் நின்னேன். அன்னிக்குத்தான் வீட்டுக்கு வந்து நிம்மதியாச் சாப்பிட்டேன்.

இப்ப நீங்க வந்து அதையே தோண்டறீங்க. மகன் சொல்றான், சவரி தினம் வந்து குழி ஓரத்துல உக்காந்திருக்கானாம். எண்பது வயசுல, குடையைப் பிடிச்சுக்கிட்டு. யார் கிட்டயும் பேசறதில்லையாம், எடுக்கற ஒவ்வொரு சாமானையும் பார்க்கறானாம். அதுல என்னத்தைத் தேடறான்? அவனுக்குத் தெரியுமோன்னு எனக்கு ஒரு பயம். தெரியாமலும் இருக்கலாம். அந்தக் கம்பி கையில கிடைச்சா தெரிஞ்சுடும். உலகத்துல அதை அடையாளம் சொல்லக் கூடியவங்க நாங்க ரெண்டு பேருந்தான். பென்ஷன் போயிடும்னு பயமா, போலீஸ் வரும்னு பயமா, மகன் ரயில்வேயில இருக்கான், அவனுக்கு ஏதாவது ஆயிடும்னு பயமா, எனக்கே தெரியல. இந்த வயசுல என்னை யாரு என்ன பண்ணப் போறாங்க. ஆனா பயமா இருக்கு.

அதனால சொல்றேன், கேளுங்க. அந்த ஒரு வரியை எடுத்துடுங்க, தொட்டியை விட்டுடுங்க. ரெண்டையும் செஞ்சா நான் இப்பவே கையெழுத்துப் போடறேன். யாருக்கும் நஷ்டமில்ல.

என்னம்மா பையைத் திறக்கறீங்க? பேப்பர்தான் இங்க இருக்கே. அது என்ன, சாக்கைச் சுத்தி... பிரிக்காதீங்க. அம்மா, பிரிக்காதீங்கன்னு சொல்றேன்.

தொட்டியை முந்தாநாளே காலி பண்ணிட்டீங்களா.

அப்ப இதுக்காகத்தான் வந்தீங்களா. போர்டுக்கு இல்லையா. இது என்ன சாமான், இதுக்கு என்ன பேருன்னு சீட்டு எழுதி ஒட்டணும், அதைக் கேக்க வந்தீங்க. அவ்வளவுதான். நான்தான் இவ்வளவு நேரம்... சரி. சரி. உங்க ஃபிட்டருங்களுக்குத் தெரியாது, அவங்க சின்னப் பசங்க. சவரிகிட்ட காட்டினீங்களா? காட்டினீங்க. என்ன சொன்னான்? வாங்கிப் பார்த்தான். தலையைக் கட்டை விரலால தேய்ச்சான். முனையில விரலை வச்சு அளந்தான். அப்புறம்?

"பொன்னுரங்கத்தைக் கேளுங்க, அவன்தான் சொல்லணும்." இதையா சொன்னான்? வேற ஒண்ணும் சொல்லலையா? ஒரு வார்த்தை கூடவா?

அப்ப ஜீப்புல உக்காந்திருக்கறது டிரைவர் இல்ல.

வேண்டாம், கூப்பிடாதீங்க. இருங்க. கொஞ்சம் இருங்கம்மா. அந்தக் கண்ணாடியை எடுங்க, அலமாரியில. கொடுங்க இப்படி. கனம் அப்படியே இருக்கு. இதோ, ரெண்டு. தேய்ச்சிருக்கான், நல்லாத் தெரியுது. முனையைப் பாருங்க, ரெண்டு விரக்கடை. ரெண்டரையே இருக்கும். குனிஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு தடவை குனிஞ்சிருந்தா போதும்.

எழுதிக்கோங்க. பூட்டுக்கம்பி, ரெண்டாம் நம்பர், குட்டை. மாட்டினது பொன்னுரங்கம். அதையும் எழுதுங்க. மருமக வந்து நிக்கறாளா? நிக்கட்டும், கேக்கட்டும்.

கையைக் கொடுங்க, எழுந்திருக்கறேன். வாசக்கதவை நல்லாத் திறந்து விடுங்க, அவனுக்கு இப்ப காது மந்தமா இருக்கும், சத்தமாத்தான் சொல்லணும். மேளச் சத்தம் ஒண்ணும் இல்லையே.

சவரி. டேய் சவரி. இங்க பாருடா, என் கையில பாரு.

பார்த்தாச்சுடா.